ரிப்போர்ட்டில் இருப்பது எந்த மணி?

சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு நாம் டிபன் சாப்பிடக் கிளம்பிவிடுகிறோம். குழாய்க்குள் போன ரத்தம் அப்படி ஓய்ந்துவிடுவதில்லை. அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. கூடவே இருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சும்மா வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். லேபில் சர்க்கரைக்கென்று சாம்பல் நிற மூடி போட்ட தனிக் குழாய் வைத்திருப்பது இதற்காகத்தான். அதிலுள்ள ஃபுளோரைடு இந்தத் தீனியை நிறுத்தும். ஆனால் முழுதாக நிறுத்த அதற்கும் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். பொட்டாசியத்தின் கதை தலைகீழ். சீரத்தைப் பிரிக்காமல் குழாய் காத்திருந்தால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவு கூடிவிடும். நோயாளிக்கு ஒன்றுமில்லாதபோதே டாக்டர் பதற வேண்டியிருக்கும்.

ஆகவே ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எத்தனை மணிக்கு லேபுக்கு வந்தது, எத்தனை மணிக்கு மெஷினுக்குள் போனது என்பவை ரிப்போர்ட்டின் மூலையில் ஒப்புக்கு அச்சாகும் எண்கள் இல்லை. பக்கத்தில் இருக்கும் அளவை நம்பலாமா கூடாதா என்று சொல்பவை அவை. பல லேப்களில் அந்த மணிகளை எந்த மனிதரும் எழுதுவதில்லை. டேட்டாபேஸ் தானே எழுதிக்கொள்கிறது.

நான் மதுரையில் உட்கார்ந்துகொண்டு, தென்மாவட்டங்களில் இருக்கும் சிறிய பரிசோதனை நிலையங்களின் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்கிறேன். சாஃப்ட்வேரை எழுதியவர் வேறொருவராக இருப்பார். பெரும்பாலும் அவர் இப்போது சென்னையிலோ கனடாவிலோ இருப்பார். அவர் விட்டுப்போன டேபிள்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. 'நேரம் ஆட்டோமேட்டிக்கா விழுதுங்க, அதுல என்ன தப்பு வரும்?' என்று கேட்காத லேப் உரிமையாளரை நான் பார்த்ததில்லை. நேரம் தானாக விழுவது உண்மை. எந்த நேரம் விழுகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

டேட்டாபேஸ் என்பது அடிப்படையில் கட்டம் போட்ட பேரேடுதான். ஒரு நோயாளியின் ஒரு பரிசோதனைக்கு ஒரு வரிசை. மேலிருந்து கீழாகப் பெயர், வயது, போன் நம்பர், பரிசோதனையின் பெயர், முடிவு என்று பத்திகள் ஓடும். இவற்றோடு நேரத்துக்கென்றும் ஒரு பத்தி இருக்கும். அதை இரண்டு வழிகளில் நிரப்பலாம். முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அனுப்பலாம். அல்லது, யாரும் எதுவும் அனுப்பாவிட்டால் அந்த நொடியின் நேரத்தை நீயே போட்டுக்கொள் என்று டேபிளை உருவாக்கும்போதே டேட்டாபேஸிடம் சொல்லி வைக்கலாம். 'டிஃபால்ட் கரன்ட் டைம்ஸ்டாம்ப்' என்ற மூன்று சொற்களில் அந்தக் கட்டளை முடிந்துவிடும். கூடவே 'ஆன் அப்டேட் கரன்ட் டைம்ஸ்டாம்ப்' என்று இன்னொரு கட்டளையும் உண்டு. அந்த வரிசையில் யாராவது எதையாவது திருத்தினால், திருத்திய நொடியின் நேரத்தை அந்தப் பத்தியில் எழுது என்பது அதன் பொருள்.

முதல் வழியைவிட இரண்டாவது எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். வாட்ச் பேட்டரிக்கு அண்ணன் மாதிரி, சிஆர்2032 என்று பெயர். மெஷினை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், கரன்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் தான் பிறந்த வருடத்துக்குப் போய்விடும். 2010 ஜனவரி முதல் தேதியில் ரத்தம் கொடுத்த நோயாளிகள் ஒரு லேபில் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். அந்த லேப் திறந்ததே அதற்குப் பல வருடங்கள் கழித்து. நாலு மேசையில் நாலு கம்ப்யூட்டர் இருந்தால் நாலு மணி காட்டும். டேட்டாபேஸ் இருக்கும் சர்வர் ஒன்றுதான். அந்த ஒரு கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

அதைச் சரியாக வைத்துக்கொள்வதும் இப்போது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் சர்வர் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வரோடோ டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடோ ஒத்துப்போக வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களை வைத்துக் காப்பது அந்த ஆய்வகம்தான்.

ஆக, தானியங்கி நேரம் நல்ல பழக்கம். வில்லங்கம் எங்கே வருகிறது என்றால், சிறிய சாஃப்ட்வேர்களில் பரவலாக இருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ஒரு பழைய சுபாவத்தில்.

மைஎஸ்க்யூஎல்லில் நேரத்தை வைக்க முக்கியமாக இரண்டு வகைப் பத்திகள் உண்டு: டேட்டைம், டைம்ஸ்டாம்ப். ஒரு டேபிளில் முதலாவதாக வரும் டைம்ஸ்டாம்ப் பத்திக்கு நீங்கள் எந்தக் கட்டளையும் சொல்லாமல் விட்டுவிட்டால், பழைய பதிப்புகள் இரண்டு கட்டளைகளையும் தாமாகவே சேர்த்துவிடும். புதிய வரிசை வந்தால் இப்போதைய நேரம். திருத்தினாலும் இப்போதைய நேரம். கேட்காமலே கொடுப்பது தாராள மனசு என்று அதை வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கலாம். ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் லேபில் அந்தத் தாராளம் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

அங்கே நடந்தது இதுதான். மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய ஒருவருக்குக் காப்பீட்டுப் பணம் வர வேண்டியிருந்தது. லேப் ரிப்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. இனிஷியல் முன்னால் இருப்பதா பின்னால் இருப்பதா என்ற வழக்கமான தகராறு. வரவேற்பில் இருந்த பெண் பெயரைத் திருத்தி, புது ரிப்போர்ட்டை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். காப்பீட்டு ஆள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நோயாளி போன மாதமே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். ரிப்போர்ட்டிலோ ரத்தம் எடுத்த தேதி இந்த வாரம். மோசடி என்று நினைக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

"மேடம், நாங்க தேதியைத் தொடவே இல்லை, பேரை மட்டும்தான் மாத்தினோம்னு இந்தப் பொண்ணு சொல்லுது. அப்ப தேதி எப்படி மாறும்?" என்றார் லேபை நடத்தும் டாக்டர். அவர் குரலில் அந்தப் பெண் மேல் நம்பிக்கை இல்லை.

"பேரை மாத்தினதாலதான் டாக்டர் தேதி மாறியிருக்கு."

"அதெப்படி?"

அந்தப் பெண் என்னைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், "அக்கா, நான் காசு வாங்கிக்கிட்டுத் தேதியை மாத்திட்டேன்னு சார் நினைக்கிறாரு. நீங்களே சொல்லுங்கக்கா" என்றார். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. 'ஷோ கிரியேட் டேபிள்' என்று கேட்டால், டேபிள் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை மைஎஸ்க்யூஎல் ஒளிக்காமல் அப்படியே சொல்லிவிடும். 'சாம்பிள் டைம்' என்ற பத்திக்கு நேரே, எழுதியவர் எழுதாத 'ஆன் அப்டேட்' கட்டளை உட்கார்ந்திருந்தது. டாக்டர் எதிரிலேயே ஒரு டம்மி நோயாளியைப் பதிந்து, ஒரு நிமிடம் பொறுத்து, போன் நம்பரில் கடைசி எண்ணை மட்டும் மாற்றினேன். சாம்பிள் நேரம் நகர்ந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம் காபி சொல்லச் சொன்னார். சிலர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

மாறிப்போன நேரங்கள் அந்த வரிசைகளில் திரும்பக் கிடைக்காது. பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது. நல்லவேளையாக அந்த லேபில் தினமும் இரவு பேக்கப் எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு வரிசை முதன்முதலாக எந்த நாளின் பேக்கப்பில் தலைகாட்டுகிறதோ, அதில் இருக்கும் நேரம்தான் பெரும்பாலும் அசல். அப்படித் தேடியெடுத்து நிரப்பினோம். பதிந்த அன்றைக்கே திருத்தப்பட்டவை மட்டும் போனது போனதுதான்.

சாஃப்ட்வேர் எழுதியவரை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து மைஎஸ்க்யூஎல்லில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. 2013இல் வந்த 5.6 பதிப்புக்கு முன்னால், ஒரு டேபிளில் ஒரே ஒரு பத்திக்குத்தான் இந்தத் தானியங்கி நேரம் கிடைக்கும். 'பதிந்த நேரம்', 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்று இரண்டையும் தானாக நிரப்பச் சொன்னால் 1293 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வரும். யாரைக் கேட்டாலும் தேவைப்படும் இரண்டு பத்திகள் அவை. ஒன்றுதான் தருவேன் என்றது மெஷின். அதனால் ஆளாளுக்குக் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். பதிந்த நேரத்துக்கு 0000-00-00 என்ற சுழியத் தேதியை டிஃபால்டாக வைப்பது அதில் ஒன்று. உலகத்தில் இல்லாத அந்தத் தேதியை பிஎச்பி மொழியிடம் கொடுத்தால், அது தன் போக்கில் கணக்குப் போட்டு, மைனஸ் 1ஆம் ஆண்டு நவம்பர் 30 என்று விடை சொல்லும். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யூரியா பார்த்த நோயாளிகள் தமிழ்நாட்டில் உண்டு.

5.6லிருந்து எத்தனை பத்திகளுக்கு வேண்டுமானாலும் தானியங்கி நேரம் வைக்கலாம் என்று ஆனது. டேட்டைம் பத்திக்கும் அந்த வசதி வந்தது. 2018இல் வெளியான 8.0 பதிப்பில், கேட்காமல் கட்டளை சேர்க்கும் அந்தச் சுபாவமே இயல்பாக நிறுத்தப்பட்டுவிட்டது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், புதிதாக உருவாக்கும் டேபிளுக்குத் தீர்ந்தது. பழைய டேபிளைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டளையும் சேர்ந்தே வரும். 'நாங்க லேட்டஸ்ட் வெர்ஷன்ல இருக்கோம்' என்று பெருமையாகச் சொல்லும் லேப்களில்தான் நான் இதை அதிகம் பார்க்கிறேன்.

சரி, திருத்தினால் நகராதபடி பூட்டுப் போட்டாயிற்று. அப்போதாவது அந்த நேரம் ரத்தம் எடுத்த நேரமா? இல்லை. இங்கேதான் நல்ல புரோகிராமர்களும் சறுக்குகிறார்கள். டேட்டாபேஸுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த வரிசை என்னிடம் எப்போது வந்து சேர்ந்தது என்பது. தபால் முத்திரையில் இருக்கும் தேதி, கடிதம் எழுதிய தேதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை அல்லவா, அதே கதைதான்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் தம்பி காலை ஆறரைக்கு அண்ணா நகரில் ஒரு பாட்டியிடம் எடுக்கிறார். அங்கிருந்து கே.கே. நகர், அங்கிருந்து வேறெங்கோ. லேபுக்கு வந்து பையைத் திறக்கும்போது ஒன்பது மணி. அப்போதுதான் கம்ப்யூட்டரில் பெயர்கள் ஏறுகின்றன. தானியங்கிப் பத்தி எல்லாருக்கும் ஒன்பது மணி என்று போட்டுவிடும், வினாடி பிசகாமல். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டிய சர்க்கரைக்கு, அந்த இரண்டு மணி நேரமே ரிப்போர்ட்டில் தப்பாகிவிடும். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தர நெறி, சாம்பிள் எடுத்த நேரத்தையும் முடிவு வெளியான நேரத்தையும் வேறு வேறாகவே பார்க்கிறது. எடுத்த நேரத்தை எடுத்தவர்தான் சொல்ல முடியும். அதற்குக் கையால் நிரப்பும் தனிப் பத்தி வேண்டும். நான் இதைச் சொன்னால் லேபில் முகம் சுளிப்பார்கள், ஒரு கட்டம் கூடுதலாக நிரப்ப வேண்டுமே என்று. சுளிக்கட்டும். கையால் போட்ட நேரத்தில் பொய் வரலாம் என்பார்கள். வரலாம்தான். ஆனால் பக்கத்திலேயே மெஷின் போட்ட 'பதிந்த நேரம்' இருக்கும்போது, ஒன்பது மணிக்குப் பதிந்ததைப் பத்து மணிக்கு எடுத்ததாக எழுத யாராலும் முடியாது. இரண்டும் ஒன்றையொன்று காவல் காக்கும்.

கிளவுட் வந்த பிறகு இன்னொரு தலைவலி சேர்ந்துகொண்டது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் இடைவெளி. டைம்ஸ்டாம்ப் வகைப் பத்தி, உள்ளே யூடிசியில் சேமித்துக்கொண்டு, யார் கேட்கிறார்களோ அவர்களுடைய ஊர் நேரத்துக்கு மாற்றிச் சொல்லும். டேட்டைம் வகை எழுதினதை எழுதினபடியே திருப்பித் தரும். எந்த ஊர் மணி என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பாது. சர்வரின் ஊர் நேரத்தை அமைக்காமல் விட்டுவிட்டால் இரண்டிலும் குழப்பம்தான். பகலில் மட்டும் இயங்கும் லேபில் மணி தப்பாகத் தெரியும், கண்டுபிடித்துவிடுவார்கள். இரவிலும் இயங்கும் மருத்துவமனை லேபில் அது தேதியையே தின்றுவிடும். நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை பதிந்தவை எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். மாதக் கடைசியில் வசூல் ஒத்துவராமல் கேஷியர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்.

இதற்குப் பல புரோகிராமர்கள் செய்யும் வைத்தியம், புரோகிராமில் ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டிவிடுவது. கொஞ்ச காலம் எல்லாம் சரியாக ஓடும். பிறகு வேறொருவர் வந்து, நல்ல எண்ணத்தோடு, டேட்டாபேஸின் ஊர் நேரத்தை இந்திய நேரமாக மாற்றுவார். இப்போது ஐந்தரை இரண்டு முறை கூடும். காலை 9 மணி ரத்தம் பகல் 2.30க்கு எடுத்ததாக ரிப்போர்ட் வரும்.

சில ஆப்களில் தேதி வர வேண்டிய இடத்தில் '1 ஜனவரி 1970, காலை 5.30' என்று வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதுவும் இதே குடும்பம்தான். யூனிக்ஸ் வழிவந்த மெஷின்கள் நேரத்தை வினாடிகளாக எண்ணுகின்றன. எண்ணத் தொடங்கும் இடம் 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு. உள்ளே நேரம் இல்லாமல் வெறும் சுழியம் இருந்தால், இந்தியக் கடிகாரத்தில் அது காலை ஐந்தரை என்று தெரியும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சொகுசு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1942லிருந்து 1945 வரை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்ததுண்டு. ஆனால் பல பத்தாண்டுகளாக நம் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அதனால் 5.30 என்பது கல்லில் வெட்டிய எண் என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். பாக் நீரிணையைத் தாண்டினால் நிலைமை வேறு. இலங்கை 1996 மே மாதம் தன் கடிகாரத்தை ஆறரைக்கு நகர்த்தியது. அதே வருடம் அக்டோபரில் ஆறுக்கு இறக்கியது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டுகளில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு மணி. சிங்கப்பூரும் மலேசியத் தீபகற்பமும் 1982 பிறக்கும்போது ஏழரையிலிருந்து எட்டுக்குத் தாவின. இந்த வரலாறு முழுவதையும் உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் ஊர்ப் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள்: ஏசியா/கொழும்பு, ஏசியா/கொல்கத்தா, ஏசியா/சிங்கப்பூர். புரோகிராமில் 5.30 என்று எண்ணை எழுதாமல் ஊர்ப் பெயரை எழுதினால், மாறிய தேதிகளை மெஷினே பார்த்துக்கொள்ளும்.

மற்ற டேட்டாபேஸ்களில் இதெல்லாம் வேறு மாதிரி. போஸ்ட்கிரெஸ்ஸில் பதியும் நேரம் தானாக விழும், திருத்தும் நேரம் விழாது. அதற்கு டிரிகர் என்னும் சின்ன நிரலை நாமே எழுதி டேபிளில் மாட்ட வேண்டும். வேலைதான், ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. அதன் 'நவ்' கட்டளையில் ஒரு நுணுக்கம் உண்டு: அது தருவது, டேட்டாபேஸோடு நடக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கல் (டிரான்ஸாக்ஷன்) தொடங்கிய நேரம். இரவெல்லாம் ஓடிய அனலைசர் மெஷின், காலையில் நூறு முடிவுகளை ஒரே மூச்சில் டேட்டாபேஸுக்குத் தள்ளினால், நூறுக்கும் ஒரே நேரம் விழும், மைக்ரோ வினாடி வரை. வேறு வேறு நேரம் வேண்டுமென்றால் 'கிளாக் டைம்ஸ்டாம்ப்' என்று தனியாகக் கேட்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 'நவ்' ஒரு கட்டளை தொடங்கிய நேரத்தையும், 'சிஸ்டேட்' அந்தக் கணத்தின் நேரத்தையும் தரும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 'டைம்ஸ்டாம்ப்' என்ற பெயரில் ஒரு பத்தி வகை இருக்கிறது. அதில் நேரமே கிடையாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூடிக்கொண்டே போகும் வெறும் எண் அது. அதை நம்பித் தேதி கேட்டவர்கள் திகைத்து நின்றதுண்டு.

இப்போது 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்ற பத்திக்கு வருவோம். அதை ஏதோ சிசிடிவி கேமரா மாதிரி நம்புகிறார்கள். அதனிடம் இருப்பது மிகச் சொற்பம். கடைசித் திருத்தம் எப்போது என்று மட்டும் சொல்லும். அதற்கு முந்தைய திருத்தங்கள், திருத்தியவர், முன்பு இருந்த மதிப்பு, எதுவும் அதில் இல்லை. மைஎஸ்க்யூஎல்லில், திருத்துகிறேன் என்று வந்தவர் பழைய மதிப்பையே மறுபடி எழுதினால் நேரம் நகரவும் செய்யாது. எதுவும் மாறவில்லையே என்பது அதன் வாதம். ரிப்போர்ட்டை யாராவது சரிபார்த்தார்களா என்று அறிய அந்தப் பத்தியை வைத்திருந்தால், சரிபார்த்து எதையும் மாற்றாமல் 'சேவ்' அழுத்தியவர் அதில் தெரியவே மாட்டார்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. எல்லா நோயாளிகளுக்கும் மாவட்டக் குறியீடு சேர்க்க வேண்டும் என்று ஒருவர் ஒரே கட்டளையில் டேபிள் முழுவதையும் திருத்துவார். ஒரு லட்சம் வரிசைகளின் 'கடைசித் திருத்தம்' ஒரே வினாடிக்கு வந்துவிடும். உண்மையில் யார் யாருடைய ரிப்போர்ட் எப்போது திருத்தப்பட்டது என்ற தடயம் அதோடு காலி. இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. அந்தக் கட்டளையிலேயே நேரப் பத்திக்கு அதன் பழைய மதிப்பையே கொடுத்துவிட்டால், மெஷின் அதைத் தொடாது. ரூபி ஆன் ரெயில்ஸ், லாராவெல் போன்ற கட்டமைப்புகளில் எழுதிய சாஃப்ட்வேர்களில் வேறு விதம். அங்கே இந்த நேரங்களைப் பெரும்பாலும் டேட்டாபேஸ் போடுவதில்லை, சாஃப்ட்வேர் போடுகிறது. ஆகவே சாஃப்ட்வேர் வழியாக வராமல், நேரே டேட்டாபேஸுக்குள் நுழைந்து ஒருவர் முடிவை மாற்றினால் நேரப் பத்தி சாதுவாக இருக்கும். தப்பு செய்ய நினைப்பவர் நுழைவது அந்த வழியாகத்தான்.

நடந்த மாற்றங்கள் அனைத்தும் வேண்டுமென்றால் பத்தி போதாது, தனி டேபிள் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதில் ஒரு புது வரிசை: எந்தப் பதிவு, எந்தப் பத்தி, முன்பு என்ன, இப்போது என்ன, யார், எப்போது. பழையதை அழிக்காமல் அடுக்கிக்கொண்டே போவது. 2011இல் வந்த எஸ்க்யூஎல் தர நெறி இதை டேட்டாபேஸே செய்யும் முறையை வரையறுத்தது. எஸ்க்யூஎல் சர்வரில் 2016 பதிப்பிலும் மரியாடிபி என்னும் டேட்டாபேஸில் 10.3இலும் அது வந்துவிட்டது. 'போன மாதம் 5ஆம் தேதி மதியம் இந்த வரிசை எப்படி இருந்தது?' என்று கேட்டால் அப்படியே காட்டும். எங்கள் சிறு லேப்களில் டிரிகர் வைத்துக் கையால் கட்டியதுதான் ஓடுகிறது, குறையொன்றும் இல்லை.

கணக்குத் துறையில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேர், ஒவ்வொரு மாற்றத்தையும் அது செய்யப்பட்ட தேதியோடு பதிந்து வைக்க வேண்டும். அந்த வசதியை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். கடைசித் திருத்தத்தை மட்டும் காட்டும் ஒற்றைப் பத்தி இந்த விதிக்குக் கொஞ்சமும் போதாது. கம்பெனியாகப் பதியாத சின்ன லேபுக்கு இது பொருந்தாது என்று தப்பிக்கலாம். பில் தொகையை விட ரத்தத்தின் அளவு முக்கியமில்லையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

2038 பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை, 1970லிருந்து வினாடிகளை நான்கு பைட்டுகளுக்குள் எண்ணுகிறது. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு அந்த இடம் நிரம்பிவிடும். மரியாடிபி 11.5 பதிப்பில் இதை 2106 வரை நீட்டியிருக்கிறார்கள். 2038 தூரத்தில் இருக்கிறது என்று ஒதுக்கிவிட வேண்டாம்; நீண்ட காலக் கடனின் கடைசித் தவணைத் தேதி இன்றைக்கே அதைத் தாண்டி நிற்கும். அடுத்த முனையும் இதே அளவுக்குக் குறுகல். பிறந்த தேதியை டைம்ஸ்டாம்ப் பத்தியில் வைத்த ஒரு டேபிளை நான் பார்த்திருக்கிறேன். 1970க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை. லேபுக்கு வருபவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான்.

என் கைக்கு வரும் லேப் டேபிள்களில் நான் கடைசியில் விட்டுப்போவது இவ்வளவுதான். எடுத்த நேரம், மனிதர் நிரப்புவது. பதிந்த நேரம், மெஷின் ஒரு முறை போட்டுவிட்டு மறுபடி தொடாதது. திருத்திய நேரம், ஒவ்வொரு முறையும் நகர்வது. இதை ரிப்போர்ட்டில் அச்சிட விடமாட்டேன். பக்கத்தில் மாற்றங்களுக்கான தனி டேபிள். வரிசைப்படுத்த மட்டும் நேரத்தை நம்புவதில்லை, பதிவு எண்ணைத்தான் நம்புவேன். ஒரே வினாடியில் இரண்டு பேர் பதியும் அளவுக்குக் காலைக் கூட்டம் இருக்கிறது.

நீங்கள் லேப் வைத்திருக்கலாம், நகை அடகுக் கடையோ பார்சல் ஆபீஸோ வைத்திருக்கலாம். இன்றைக்கே ஒரு காரியம் செய்து பாருங்கள். போன மாதப் பதிவு ஒன்றைத் திறந்து, அதிலிருக்கும் தேதியையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் நம்பரில் ஓர் எண்ணை மாற்றிச் சேமியுங்கள். மறுபடி திறந்து, நம்பரைச் சரியானதாகவே மாற்றி வைத்துவிட்டு, தேதியைப் பாருங்கள். அது இன்றைய தேதியாக மாறியிருந்தால் உங்கள் சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டு, டேபிளில் 'ஆன் அப்டேட்' இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை யாருக்கும் டூப்ளிகேட் பில்லோ ரிப்போர்ட்டோ அச்சடித்துக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, மேசையில் இருக்கும் பெண்ணைத் திட்டாதீர்கள்.